எட்டு அங்குலம்

என் கணவரின் அண்ணனுக்குத் தெரியாத தொழில் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. முப்பது வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் கொண்டுவந்த காகிதங்களில் கையெழுத்து சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓய்வுபெற்றவர். அந்த நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம், மின்சாரம், சட்டம், கட்டடக்கலை எல்லாவற்றையும் எப்படியோ கரைத்துக் குடித்துவிட்டார். குடும்பத்தில் எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். முதலில் பிறந்தார் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு காரணம் எதையும் நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று. இருபத்தாறு வருடமாக வடிகால் துறையின் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். கழிவுநீர்க் குழாய் எங்கே எவ்வளவு சாய வேண்டும், மழைநீர்க் கால்வாய் எந்தத் தெருவில் எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. நாங்கள் குடியிருக்கும் தெருவின் கால்வாய்கூட நான் வரைந்ததுதான். தண்ணீரிடம் யாரும் சமாதானம் பேச முடியாது. சரிவு சரியாக இருந்தால் போகும். இல்லையென்றால் நிற்கும். நின்றால் நாறும். இத்தனை வருடம் இதிலேயே கிடந்ததால், சரிவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வாயைத் திறப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. உலகத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம் என்பதால், பொதுவாகவே எனக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் என் முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு இரண்டு கால்களும் போய்விட்டன. மருத்துவமனையிலிருந்து வீல்சேரில் வீட்டுக்கு வந்தேன். அதற்காக அழ வேண்டியதையெல்லாம் அப்போதே அழுது தீர்த்துவிட்டேன். இங்கே மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை.

பத்தாவது மாதம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விடுப்பு அடுத்த மாதம் இன்ன தேதியோடு முடிகிறது, அதற்கடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வேலையில் சேரலாம், வரைபடப் பிரிவு தரைத்தளத்திலேயே இருப்பதால் தடையில்லை, வர இயலாவிட்டால் உடல்நிலை காரணமாக ஓய்வு கொடுக்கப்படும் என்று எழுதியிருந்தது. அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர். என் கைகள் நன்றாகத்தான் இருந்தன. தொள்ளாயிரம் மீட்டரை நானே சக்கரம் சுற்றிப் போய்விடுவேன். ஆனால் வீட்டு வாசலில் மூன்று படிகள். என் கணவர் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஏழாகும். என்னைப் பிடித்து இறக்க வீட்டில் வேறு யாரும் இல்லை. நானே இறங்கிப் போய் நானே ஏறி வர ஒரு சாய்தளம் இருந்தால் எனக்கு வேலை உண்டு. இல்லையென்றால் மீதி ஆயுளுக்கு நான் இந்த வீட்டு ஜன்னலுக்குச் சொந்தம்.

படுக்கையில் இருந்தபடியே வரைந்தேன். படி ஒன்றுக்கு ஏழு அங்குலம், மொத்தம் இருபத்தோரு அங்குலம். ஓர் அங்குலம் உயர ஓர் அடி நீளம் வேண்டும், அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் தன் கையாலேயே ஏற முடியும். ஆக இருபத்தோரு அடி. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே இருப்பது ஒன்பது அடிதான் என்பதால் சாய்தளம் சுவரை ஒட்டிப் பதினோரு அடி போய், ஒரு சின்ன மேடையில் திரும்பி, மீதிப் பத்தடி இறங்கி கேட்டுக்கு முன்னால் முடியும். இதில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. திரும்பும் மேடை வர வேண்டிய இடத்தில் ஒரு கார் நின்றது.

கார் பெரியவருடையது. அவர் வீட்டில் நிறுத்த இடமில்லை, ரெண்டே ரெண்டு நாளைக்கு என்று சொல்லி ஆறு வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உறையை உருவி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்பார். பிறகு மறுபடி உறையைப் போர்த்திவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்தக் கார் கடைசியாக எப்போது யாரை எங்கே ஏற்றிச் சென்றது என்று அதற்கே நினைவிருக்காது.

என் கணவர் வரைபடத்தை நேராகக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினார். அவரை எல்லோரும் நல்ல மனிதர் என்பார்கள். யாரோடும் எதற்கும் சண்டை போடாதவர்களுக்கு ஊர் கொடுக்கும் பெயர் அது. அண்ணன் இருமினால் இவர் முதுகைத் தடவிக்கொள்வார்.

பெரியவர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொல்லவில்லை. தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கண்டுபிடிக்கவில்லை.

"இருபத்தோரு அடியா? என்ன, விமானமா கெளம்பப் போகுது? ஏழு அடி போதும்மா. பின்னாடி ஒருத்தர் பிடிச்சுத் தள்ளினா வந்துடும்."

தள்ளுவதற்கு ஆள் யார் என்று கேட்டேன். வீடு நிறையச் சொந்தம் இருக்கும்போது ஆளுக்கா பஞ்சம் என்றார். காலையில் ஒன்பதரை மணிக்கு எந்தச் சொந்தம் வந்து நிற்கும் என்று கேட்டேன். ஐம்பத்தோரு வயதில் இந்த உடம்பை வைத்துக்கொண்டு வேலைக்கு ஏன் அல்லாட வேண்டும், வீட்டில் என்ன குறை என்றெல்லாம் என் கணவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிப் பேசும்போது அவர் எப்போதும் என் கணவரைத்தான் பார்ப்பார். கட்டி என் முதுகுத்தண்டில் வந்ததா காதில் வந்ததா என்று அவருக்குச் சந்தேகம் போலிருக்கிறது.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்காக மூன்று நாள் மருத்துவமனையில் தங்கினேன். அந்த மூன்று நாளில் பெரியவர் கொத்தனாரை வரவழைத்து வேலையை முடித்துவிட்டார். நான் திரும்பி வந்தபோது வாசலில் ஏழடி நீளத்தில் ஒரு பளபளப்பான பொருள் நின்றது. படிகளின் மேல் நேராகக் கொட்டி, மேலே குளியலறைச் சுவரில் ஒட்டும் வழவழ டைல்ஸ் பதித்திருந்தார்கள். வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. கார் இருந்த இடத்தில் இருந்தது. உறைக்குக்கூட ஒரு சுருக்கம் விழவில்லை.

பெரியவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். எப்படி இருக்கிறது என்று என் கணவரிடம் கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று என் கணவர் என்னைப் பார்த்துச் சொன்னார். சொரசொரப்பாகப் போட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அதனால்தான் டைல்ஸ் என்று பெரியவர் விளக்கினார். என்னை இரண்டு பேரும் சேர்ந்து மூச்சுத் திணறத் திணற மேலே தள்ளிக் கொண்டுபோய் வீட்டுக்குள் விட்டார்கள். பாதி வழியில் என் கணவரின் செருப்பு வழுக்கியது. நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வந்ததும் நான் கட்டிலுக்கு மாறி, நாற்காலியைப் பெரியவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

"நீங்களே ஒருதடவை இதுல உக்காந்து எறங்கிக் காட்டுங்க. யாரும் பிடிக்க வேண்டாம்."

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் தனக்குத் தெரியாத தொழில் ஒன்று இருக்கிறது என்று தம்பி முன்னால் ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. அதை நம்பித்தான் கேட்டேன். இதிலென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார், வேட்டியைக் காலுக்கிடையில் செருகினார், வாசலுக்கு வந்து சக்கரத்தைத் தள்ளினார். பிறகு அவர் தள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை. கட்டிலிலிருந்து எனக்கு வாசல் முழுதாகத் தெரிந்தது. ஏழடியை அவர் கண் மூடித் திறப்பதற்குள் கடந்தார். அடியில் நாற்காலி வலப்பக்கமாகத் திரும்பி நேராகப் போய்க் காரின் கதவில் மோதியது. அவருடைய இரண்டு முழங்கால்களும் கதவில் ஆளுக்கொரு பள்ளம் போட்டன.

என் கணவர் அலறிக்கொண்டு அண்ணனிடம் ஓடினார். அண்ணன் உறையை விலக்கிக் காரைத்தான் முதலில் பார்த்தார், அப்புறம்தான் முழங்காலை. பதினோரு மாதத்தில் நான் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். அடக்க முயன்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நேரம் சிரித்தேன்.

மறுநாளே அவர் கோபித்துக்கொண்டு காரை எடுத்துப் போய்விட்டார். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று தம்பியிடம் சொன்னாராம். எனக்கு அது கெட்ட செய்தியாகப் படவில்லை. காரோடு சேர்த்துத் தனக்குச் சொந்தமான எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். உறை, பழைய டயர் ஒன்று, தண்ணீர்க் குழாய், இன்னும் என்னென்னவோ வெளியே உருட்டும் சத்தம் கேட்டது. இரும்பு இழுபடும் சத்தமும் கேட்டது. எடுத்துக்கொண்டு தொலையட்டும் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கேட் முழுத் தகரம் அடித்தது. மூடியிருந்தால் தெரு தெரியாது.

பளபளப்பை உடைக்க அதே கொத்தனாரை வரச் சொன்னேன். ஒடுங்கிய முகத்தோடு வந்து நின்றார். இதில் ஏற முடியாது என்று கட்டும்போது தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும்மா. இது ஏறாதுன்னு சொன்னேன். யாரு ஏறப்போறான்னு கேட்டாரு சாரு."

அதைச் சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் முட்டாள் இல்லை. என்னை உள்ளே வைப்பதற்கு எவ்வளவு நீளம் போதும் என்று சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். என் கணவர் பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுவிட்டு, கொத்தனாருக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே நழுவினார்.

கொத்தனார் ஒருவரைப் பற்றித்தான் நான் குறை சொல்ல மாட்டேன். ரசமட்டக் கட்டையை அவர் எடுத்தபோது, இவ்வளவு நீளத்துக்கு அது வேண்டாம், தண்ணீர் ட்யூப் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. சைக்கிளில் சுற்றி வைத்திருந்த, உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் குழாயை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நான் வாசலில் பிடித்துக்கொள்ள, அவர் மறுமுனையோடு சுவர் ஓரமாகப் போய் மட்டம் குறித்தார். ஒவ்வொரு குறிக்கும் சரியா என்று என்னைக் கேட்டார். இந்த விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் ஒருவர் ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பும் மேடை முக்கால் அங்குலம் பிசகியிருந்ததால் உடைக்கச் சொன்னேன். முணுமுணுக்காமல் உடைத்துக் கட்டினார். மேலே துடைப்பத்தால் குறுக்குக் கோடு இழுத்துச் சொரசொரப்பாக முடித்தார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. சக்கரம் கவ்விக்கொண்டது.

சிமென்ட் இறுகியதும் ஒரு வாரம் தினமும் ஏறி இறங்கினேன். முதல் நாள் இரண்டு தடவை, கடைசி நாள் பதினாறு. உள்ளங்கை கொப்பளித்து உடைந்து காய்த்தது. கேட் வரை போய்த் திரும்பிவிடுவேன். கேட்டைத் திறந்து வெளியே போவதைத் திங்கட்கிழமைக்கென்று வைத்திருந்தேன். வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே இருந்தது பெரியவரும் என் கணவரும் கை வைத்த இடம், ஒவ்வோர் அங்குலமும் அளந்தேன். வெளியே இருப்பது என் துறையின் வேலை. நானே வரைந்த வேலை. அதை எதற்கு அளப்பது?

ஞாயிற்றுக்கிழமை மாலை என் கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணன் போகும்போது அந்த இரும்புத் தகடுகளையும் என்று எதையோ ஆரம்பித்தார். அண்ணன் புராணம் இனி இந்த வீட்டில் வேண்டாம் என்றேன். அதில்லை, நாளைக்கு நான் வேண்டுமானால் லீவு போடட்டுமா என்று கேட்டார். பதினோரு மாதமாக என்னை யாராவது தூக்கிக்கொண்டும் தள்ளிக்கொண்டும்தான் இருக்கிறார்கள், நாளைக்கு ஒருநாள் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். நல்ல மனிதர் அல்லவா.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் புடவையைச் சக்கரத்தில் மாட்டாமல் செருகிக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டினேன். பதினோரு அடி, திருப்பம், பத்து அடி. கை தானாகப் போனது. கேட்டை உட்பக்கமாக இழுத்துத் திறந்துவிட்டு வெளியே வந்தேன். மூச்சு நிறைய வெளிக்காற்றை இழுத்தேன். தெருக் கால்வாயை மூடியிருந்த பலகைக்கல்லின் மேல் இரண்டு அடி உருண்டதும் முன்சக்கரம் விளிம்பில் போய் நின்றது. கல்லுக்கும் சாலைக்கும் நடுவே எட்டு அங்குலம்.

எட்டு அங்குலம் என்று பார்த்ததும் தெரிந்தது, ஏனென்றால் அந்த எண்ணை எழுதியது நான். கால்வாயின் மூடுகல் சாலையை விட எட்டு அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும், மழைநீர் பக்கவாட்டுத் துளை வழியாக உள்ளே இறங்க வேண்டும் என்று பதினான்கு வருடத்துக்கு முன்னால் இந்தத் தெருவின் நாற்பத்தொரு வீட்டு வாசலுக்கும் வரைந்தேன். எங்கள் வாசலில் மட்டும் காரை ஏற்றி இறக்கப் பெரியவர் இரண்டு அகலமான இரும்புத் தகடுகளைச் சாய்த்துப் போட்டிருந்தார். அதன் மேல் நடந்து நடந்து, அங்கே ஒரு உயரம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. தகடுகள் போன பிறகும் என் கணவருக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது. சொல்ல வந்தவரை நான் பேச விடவில்லை.

நாற்காலியோடு அதில் இறங்கினால் முகம் சாலையில் படும். அப்படியே யாரையாவது கூப்பிட்டு இறக்கச் சொன்னாலும், திரும்பி வந்தபின் என்னைத் தூக்கி ஏற்ற யார் நிற்பார்கள்? மணி ஒன்பது பத்து. காதில் போனை வைத்துக்கொண்டு ஒருவர் போனார். என்னம்மா பிரச்சினை என்று கேட்டார், சொன்னேன், இதோ ஆள் அனுப்புகிறேன் என்று போனிலேயே நடந்து போய்விட்டார். இரண்டு பெண்கள் எட்டு அங்குலத்தைச் செருப்புக் காலால் சாதாரணமாக ஏறி இறங்கி என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது இருபது ஆனது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது கடைசி வீட்டுக்காரி வந்தாள். தினமும் காலையில் அவள் மகள் வேலைக்குப் போகும் வேன் இந்த முனையில்தான் திரும்பும். வேனில் ஏதோ கொடுத்துவிட்டுத் திரும்பி வருபவள் போலிருந்தது. மகளுக்கு நடக்க முடியாது, வீல்சேர்தான். ஒரு பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பதினான்கு வருடமாக ஒரே தெருவில் இருக்கிறோம், அவள் என்னிடம் பேசியதே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. கால்வாய் கட்டிய வருடம், அப்போது பன்னிரண்டு வயதான மகளுக்காக வாசலில் ஒரு சின்னச் சரிவு போட்டுத் தரும்படி அவள் என் அலுவலகத்துக்கு மனு கொண்டுவந்தாள். முடியாது என்று அனுப்பினோம். அப்புறம் அவள் ஒரு பழைய மரக்கதவைக் கல்லிலிருந்து சாலைக்குச் சாய்த்துப் போட்டுவைத்தாள். தூர் வாருவதற்குத் தடை, ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஆள் விட்டு அதைத் தூக்கச் சொன்னது நான்தான். கிடங்குக்கு வந்து, இனி நிரந்தரமாகப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவை வாங்கிப் போனாள். அன்றிலிருந்து மகள் போகும்போதும் வரும்போதும் கதவைத் தூக்கி வந்து போடுவாள், எடுத்துப் போவாள். பெரியவரின் தகடுகள் இரவும் பகலும் ஆறு வருடம் அங்கேயே கிடந்தன. அவற்றை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் அவற்றின் மேல் நடந்துதான் வேலைக்குப் போனாள்.

அவள் நின்று முதலில் சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை.

"எறங்க முடியலையா மேடம்?"

பத்து மணிக்குள் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றேன்.

"எவ்வளவு ஒசரம் இருக்கும் இது?"

எட்டு அங்குலம் என்றேன். தெரிந்துதான் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். என்னை அப்படியே விட்டுப் போக அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஐந்து நிமிடத்தில் அவள் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். நீலச் சாயம் வெளுத்த கதவு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை, ஒரு முனையில் தகரம் அடித்திருந்தது. அதைக் கல்லில் பொருத்திச் சாலையில் சாய்த்தாள். ஆறரை அடிக்கு எட்டு அங்குலம், ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று. எந்த வரைபடமும் இல்லாமல் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

நான் சக்கரத்தில் கை வைத்தேன். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"என் மனுவுல நீங்க என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். உண்மை அதுதான். அப்படி நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன்.

"'வரைபடத்தில் இடமில்லை. ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள். ஏற்க இயலாது.' கீழ உங்க கையெழுத்து. என் பொண்ணு அத மனப்பாடம் பண்ணிட்டா. ஸ்கூல்ல வெளையாட, வெளியூர் போக யாராச்சும் கூப்பிட்டா இதத்தான் சொல்லுவா. வரைபடத்தில் இடமில்லைன்னு. மத்த புள்ளைங்க சிரிக்கும், அவளும் சிரிப்பா."

அவள் குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த பெரியவரை நான் பார்த்த பார்வை அது. எனக்கு வெட்கமாக இருந்தது. யார் ஏறப்போகிறார்கள் என்று பெரியவர் கேட்டது ஒரு வீட்டுக்குள். நான் அதையே ஒரு தெரு முழுவதற்கும் கேட்டு, எழுதி, முத்திரை குத்தியிருக்கிறேன்.

"கால வெச்சு மிதிச்சுக்கறேன், எறங்குங்க. இல்லைன்னா நகரும்," என்று கதவின் மேல்முனையில் பாதத்தை ஊன்றிக்கொண்டாள். இறங்கினேன். சாலைக்கு வந்ததும் நன்றி என்றேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. நாலு மணிக்கு மகள் வந்துவிடுவாள், மூன்றே முக்காலுக்குள் நீங்கள் திரும்பினால் கதவைக் கொண்டுவந்து போடுவேன், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது என்றாள். இப்போதைக்கு இங்கே விட்டுவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். கதவைத் தலைக்குத் தூக்கிக்கொண்டே சொன்னாள்.

"எழுதிக் குடுத்திருக்கேனே மேடம்."

பத்து ஆக ஆறு நிமிடம் இருக்கும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் எழுந்து வந்து, எவ்வளவு தைரியம், எவ்வளவு தன்னம்பிக்கை என்று சுற்றி நின்று பாராட்டினார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஒவ்வொருவரையும் ஒரு வார்த்தையில் கிள்ளிவிட்டிருப்பேன். அன்று நேராக என் மேசைக்குப் போய்விட்டேன்.

புதிதாக வந்திருந்த இளம் பொறியாளர் என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். வாசல் விஷயத்தைச் சொன்னேன். இதற்குப் போய் எதற்கு யோசனை, உங்கள் வாசலுக்கு மட்டும்தானே, நாளைக்கே இரண்டு ஆள் அனுப்பிச் சரிவு போட்டுவிடலாம், கோப்பே வேண்டாம் என்றார். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சரி என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு தெருவின் பழைய கோப்பை எடுத்து வரச் சொன்னேன். மனு அதில் இருந்தது. ஓரத்தில் என் கையெழுத்து, அழகாக, ஒரு அடித்தல் திருத்தம் இல்லாமல். அவள் ஓர் எழுத்துகூட மாற்றிச் சொல்லியிருக்கவில்லை.

மதியம் வரை உட்கார்ந்து வரைந்தேன். நாற்பத்தொரு வாசலுக்கும் சரிவு. பொறியாளர் பார்த்துவிட்டுத் தயங்கினார். இந்தத் தெருவில் செய்தால் மற்ற தெருக்காரர்களும் கேட்பார்களே என்றார். கேட்கட்டும் என்றேன். அப்படியானால் முதலில் உங்கள் வாசலில் ஆரம்பித்துவிடலாம் என்றார்.

"கடைசி வீட்டுல ஆரம்பிங்க. என் வீடு மறுமுனைல இருந்து ரெண்டாவது. வேலை வந்து சேர்றப்ப சேரட்டும்."

அதற்கு இரண்டு மாதம் ஆகுமே, அதுவரை எப்படி வருவீர்கள் என்று கேட்டார். சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்கும் சீட்டை எடுத்துப் பூர்த்தி செய்து அவரிடம் நீட்டினேன். சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவர்களின் சீட்டுகளைப் படித்து இருபத்தாறு வருடம் சிரித்திருக்கிறேன், இதெல்லாம் ஒரு காரணமா என்று. அவர் என் சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, எந்தக் கதவு மேடம் என்று கேட்டார். காரணம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: மூன்றே முக்காலுக்குப் பிறகு கதவு இருக்காது.